ஓர்வியேத்தோவில் எங்கே சாப்பிடலாம்? அம்மா சுத்த சைவம், வீட்டுக்காரருக்கு ஒயின் ஆசை

மந்தைவெளி_வித்யா

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசி வாரம் ரோம், ஃபுளோரன்ஸ் போறோம். நடுவுல ஓர்வியேத்தோவுல இறங்கணும்னு என் வீட்டுக்காரருக்கு ரொம்ப ஆசை. நாலு பேர்: நாங்க ரெண்டு பேரும், பன்னிரண்டு வயசுப் பையன், எங்க அம்மா. அம்மா சுத்த சைவம், முட்டையும் தொட மாட்டாங்க. எங்க ரெண்டு பேருக்கும் எதுவும் ஓகே. வீட்டுக்காரருக்கு ஒயின் பத்தித் தெரிஞ்சுக்கணும். பையனுக்குப் பசின்னு வந்தா அடுத்த நிமிஷம் தட்டு முன்னாடி இருக்கணும்.

மதியம் இறங்கி, கோயிலைப் பார்த்து, சாப்பிட்டுட்டுக் கிளம்பிடலாமா, இல்ல ஒரு ராத்திரி தங்கணுமா? துவோமோ, அதாவது அந்தப் பெரிய கோயில், அதுக்கு எதிர்லயே வரிசையா கடை இருக்கே, அங்கயே உட்கார்ந்துடலாமா? அம்மாவுக்கு பீட்சா தவிர என்ன கிடைக்கும்? நெட்டுல இருக்கிற பட்டியல்லாம் பார்த்தாச்சு. அங்க போய்ச் சாப்பிட்டவங்க சொன்னா நல்லா இருக்கும்.

ரயில்_ரசிகன்

சாப்பாட்டுக்கு மத்தவங்க வருவாங்க, நான் வழியைச் சொல்லிடறேன். ரோமா தெர்மினியிலிருந்து சாதாரண ரெஜியோனாலே ரயிலே போதும், ஒண்ணேகால், ஒண்ணரை மணி நேரம். காகித டிக்கெட்னா ஏறுறதுக்கு முன்னாடி நடைமேடை மெஷின்ல முத்திரை குத்திடுங்க. ஸ்டேஷன் இருக்கிறது மலையடிவாரத்துல, ஊர் இருக்கிறது பாறை உச்சியில. ஸ்டேஷனுக்கு எதிரேயே ஃபுனிகொலாரே, அதாவது கம்பி இழுக்கிற மலை ரயில். 1888-ல் தண்ணீர் எடையால ஓடினது, இப்ப மின்சாரம். சில நிமிஷத்துல பியாட்சா காஹென்ல விட்டுடும். அங்கிருந்து துவோமோவுக்குச் சின்ன பஸ் உண்டு. அம்மாவுக்கு நடக்க முடியும்னா கோர்சோ காவூர் வழியா மெதுவா நடங்க, ஊரோட முதுகெலும்பே அந்தத் தெருதான்.

தங்கறதா இல்லையாங்கறதுக்கு என் ஓட்டு: தங்குங்க. அதே பாதையில ஃபுளோரன்ஸ் பக்கம் போற ரயிலை மறுநாள் பிடிச்சுக்கலாம், வந்த வழி திரும்ப வேண்டியதில்ல.

கொங்கு_பயணி

நான் மாற்றுக் கருத்து. சின்ன ஊருங்க. காலையில பத்து மணிக்கு ஏறினா துவோமோ, பாத்ரீசியோ கிணறு, ஒரு நல்ல மதிய சாப்பாடு எல்லாம் முடிச்சு அஞ்சு மணி ரயிலைப் பிடிச்சுடலாம். அறை வாடகையை மிச்சம் பண்ணி அந்தக் காசுல மதியம் நல்லா சாப்பிடுங்க. மதியத்துக்குச் சில இடத்துல ‘ப்ரான்ட்சோ தி லவோரோ’ன்னு நிர்ணய விலையில ஒரு பாஸ்தா, ஒரு கறி, தண்ணி சேர்த்துக் குடுப்பாங்க. குடும்பமா போறவங்களுக்குக் கட்டுப்படியாகும்.

பெருஜியா_மாணவன்

ஓர்வியேத்தோ இருக்கிற உம்ப்ரியா மாநிலத்துல படிச்சவன், வார இறுதியில ஓர்வியேத்தோவுக்கு அடிக்கடி போயிருக்கேன். கொங்கு அண்ணன் சொல்ற கணக்கு சரி, ஆனா இந்த ஊருக்கு அது பொருந்தாதுன்னு உறுதியா சொல்வேன். காரணம் இருக்கு.

பகல்ல ரோம்ல இருந்தும், சிவித்தாவெக்கியா துறைமுகத்துல நிக்கிற கப்பல்கள்ல இருந்தும் பஸ் பஸ்ஸா ஆட்கள் வராங்க. பன்னிரண்டரையிலிருந்து ரெண்டரை வரைக்கும் துவோமோவைச் சுத்தி இருக்கிற ஒவ்வொரு மேஜைக்கும் அடிதடி. சாயங்காலம் அந்த பஸ்ஸெல்லாம் இறங்கிப் போனதும் ஊர்க்காரங்க வெளியே வருவாங்க. கோர்சோவுல குடும்பம் குடும்பமா நடப்பாங்க, பேசுவாங்க, ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின் குடிப்பாங்க, எட்டு மணிக்குச் சாப்பிட உட்காருவாங்க. மத்தியானம் அவசர அவசரமா தட்டைத் தள்ளின அதே சமையலறை ராத்திரி வேற நிதானத்துல சமைக்கும். ஓர்வியேத்தோ சாப்பாடுன்னா அது ராத்திரிச் சாப்பாடு.

இன்னொண்ணு. சித்தாஸ்லோங்கற நிதான நகரங்கள் அமைப்பு 1999-ல் தொடங்கினப்ப முதல் ஊர்கள்ல ஓர்வியேத்தோவும் ஒண்ணு. அந்த அமைப்போட தலைமையகமே இந்த ஊர்லதான். அப்படிப்பட்ட ஊர்ல ஓடி ஓடிச் சாப்பிடாதீங்க.

கடைகள். மூணு சொல்றேன், மூணும் துவோமோவிலிருந்து நடக்கிற தூரம், ஆனா சதுக்கத்தைப் பார்த்து இல்ல.

த்ராத்தோரியா லா பலோம்பா, வியா சிப்ரியானோ மானென்தே. பழைய குடும்பக் கடை. இங்க உம்ப்ரிகெல்லி அல் தார்த்தூஃபோ கேளுங்க. உம்ப்ரிகெல்லிங்கறது இந்தப் பக்கத்துப் பாஸ்தா, ஸ்பகெட்டியை விடத் தடி, கையால உருட்டினதால ஒவ்வொண்ணும் ஒரு பருமன். தட்டை வெச்ச பிறகு உங்க கண் முன்னாடியே கறுப்பு தார்த்தூஃபோவை, அதாவது ட்ரஃபிளைச் சீவுவாங்க. அது சூடான பாஸ்தா மேல விழுந்து ரெண்டு மூணு விநாடி கழிச்சுத்தான் வாசனை எழும்பும். அந்த நேரம் ஃபோட்டோ எடுக்காம முள்கரண்டியை எடுங்க.

த்ராத்தோரியா தெல் மோரோ அரோனே, வியா சான் லெயொனார்தோ. இங்க ‘நீதி’ (nidi, கூடுகள்)ன்னு ஒரு பதார்த்தம் பேர் போனது: மெல்லிய பாஸ்தா மடிப்புக்குள்ள உருகின பெகோரினோ சீஸ், மேல தேன். பையனுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

லே க்ரோத்தே தெல் ஃபூனாரோ, வியா ரீப்பா செராஞ்சா. பாறை விளிம்புல, துஃபா கல்லைக் குடைஞ்ச குகைக்குள்ள. முன்னாடி கயிறு திரிக்கிறவர் பட்டறையா இருந்த இடம். விறகடுப்புல பீட்சாவும் போடறாங்க. அம்மாவுக்கும் பையனுக்கும் வேற வேற ஆசைன்னா எல்லாரையும் ஒரே மேஜையில உட்கார வைக்க இதான் சௌகரியம்.

மூணு இடத்துக்கும் முன்பதிவு பண்ணிடுங்க. ஒவ்வொரு கடைக்கும் வாரத்துல ஒரு நாள் லீவு உண்டு, அதையும் கேட்டுக்குங்க.

கொங்கு_பயணி

> ஓர்வியேத்தோ சாப்பாடுன்னா அது ராத்திரிச் சாப்பாடு

தம்பி, வயசானவங்களை வெச்சுக்கிட்டு ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிடறது எல்லாருக்கும் ஒத்துக்காது. எங்க வீட்ல ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பழகினவங்க. அதையும் யோசிச்சுச் சொல்லுங்க.

பெருஜியா_மாணவன்

நியாயமான கேள்விண்ணா. பெரும்பாலான சமையலறை ஏழு, ஏழரைக்குத் திறக்கும். முதல் மேஜையா ஏழரைக்கு புக் பண்ணினா ஒன்பதுக்குள்ள எழுந்துடலாம். அந்த நேரத்துல கூட்டமும் இருக்காது, பரிமாறுறவங்க நின்னு பேசுவாங்க. ஆனா மதியம் ரெண்டரை, மூணுக்கு மூடினா ராத்திரி வரைக்கும் அடுப்பு எரியாது. இந்த இடைவெளியிலதான் நம்ம ஆளுங்க நாலு மணிக்குப் பசியோட அலைஞ்சு, எது திறந்திருக்கோ அதுல போய் உட்கார்ந்து, ‘இத்தாலி சாப்பாடே சரியில்ல’ன்னு வந்து எழுதறாங்க.

மந்தைவெளி_வித்யா

பையனுக்கு நாலு மணிக்குத்தான் பசிக்கும். அதுக்கு என்ன பண்றது?

சைவப்பயணி

வித்யா, அதுக்கு ‘பார்’ இருக்கு. அங்க பார்னா காபிக்கடை. கோர்சோ காவூர்ல பார் மொந்தானூச்சி பழைய கடை. சாண்ட்விச், கேக், காபி எல்லாம் நாள் பூரா கிடைக்கும். பீட்சா அல் தால்யோன்னு எழுதியிருக்கிற கடையில பீட்சாவை வெட்டி எடை போட்டுக் குடுப்பாங்க. துவோமோ பக்கத்துல பாஸ்குவலேத்தின்னு ஜெலாத்தோ (ஐஸ்கிரீம்) கடை, வரிசையில நின்னு வாங்கற அளவுக்குப் பேர் வாங்கினது. நாலு மணிப் பசி அதோட தீர்ந்துடும்.

காபி விஷயம் ஒண்ணு: கவுன்ட்டர்ல நின்னு குடிச்சா ஒரு விலை, மேஜையில உட்கார்ந்தா வேற விலை. துவோமோ சதுக்கத்துல அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். விலைப்பட்டியல் சுவத்துல மாட்டியிருக்கும், பார்த்துட்டு உட்காருங்க. அம்மாவுக்கு உட்காரணும்னா உட்காரட்டும், அந்தக் காசு அந்தக் காட்சிக்கு.

இப்ப முக்கியமான விஷயம். நானும் முட்டை சாப்பிடாத சைவம். உம்ப்ரியா பன்றிக்கறிக்குப் பேர் போன பகுதி, சும்மா ‘வெஜிடேரியன்’னு சொல்லிட்டு நம்பி உட்காரக் கூடாது. நான் கவனிக்கிறவை:

முட்டை. தாலியதெல்லே, லசான்யா, ரவியோலி இதெல்லாம் முட்டை போட்டுப் பிசைஞ்சவை. உம்ப்ரிகெல்லி மரபா மாவும் தண்ணியும் மட்டும்தான், அதனால அம்மாவுக்கு இந்த ஊர் பாஸ்தாவே பொருத்தம். இருந்தாலும் சில கடையில முட்டை சேர்க்கறாங்க, கேட்டுடுங்க.

சூப். கொண்டைக்கடலையும் செஸ்ட்நட்டும் போட்ட சூப் இலையுதிர் காலத்துல கிடைக்கும், காஸ்தெல்லூச்சோ மலைப் பருப்பு சூப்பும் உண்டு. நம்ம நாக்குக்கு ரொம்ப நெருக்கமானவை. ஆனா அடியில பன்றிக்கொழுப்பு தாளிச்சிருப்பாங்க, இல்லன்னா மாமிசச் சாறு ஊத்தியிருப்பாங்க.

சீஸ். பார்மிஜானோ ரெஜானோவுல கன்றுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற, பாலைத் திரிய வைக்கிற ரென்னட்தான் போடணும்னு அதோட விதியே சொல்லுது. பெகோரினோவும் பெரும்பாலும் அதே மாதிரி ஆட்டுக்குட்டி ரென்னட். அம்மா இதைத் தெரிஞ்சுக்கிட்டா சாப்பிடுவாங்களா மாட்டாங்களான்னு வீட்டிலேயே பேசிட்டுப் போங்க, அங்க மேஜையில வெச்சுப் பேசாதீங்க.

தார்த்தூஃபோ. காளான் மாதிரி மண்ணுக்கடியில விளையறது, சைவம்தான். ஆனா கறுப்பு தார்த்தூஃபோ சாஸ்ல நெத்திலி சேர்க்கிற வழக்கம் இந்த மாநிலத்துல உண்டு. அது கரைஞ்சு போயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ‘ஆச்சூகே’ இருக்கான்னு கேளுங்க.

லுமாகெல்லே. பேக்கரியில நத்தை மாதிரி சுருட்டின ரொட்டி பார்க்க அழகா இருக்கும், ஓர்வியேத்தோவோட சொந்தப் பண்டம். உள்ள சீஸும் பன்றிக்கறித் துணுக்கும், மாவுல பன்றிக்கொழுப்பும். அம்மா கைக்கு அதைக் குடுத்துடாதீங்க. உங்களுக்கும் பையனுக்கும் வாங்குங்க.

பலெர்மோ_தமிழன்

நான் பலெர்மோவில ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில கனகாலமா வேலை செய்யிறன். இங்க எங்கட சனம் கனபேர் இருக்கினம், அதில நிறையப் பேர் குசினியளிலதான். அதால உள்ளுக்குள்ள இருந்து பாக்கிற ஆளா ரெண்டு மூண்டு விசயம் சொல்லுறன் அக்கா.

முதலாவது, ‘சோனோ வெஜெத்தாரியானா’ எண்டு மட்டும் சொன்னால் வெயிற்றர் ‘சரி, இறைச்சித் துண்டு இல்லாட்டிச் சரி’ எண்டுதான் எடுப்பார். ப்ரொஷுத்தோ, பன்ச்சேத்தா மாதிரி உப்புப் போட்ட பன்றி இறைச்சியெல்லாம் சில பேருக்கு இறைச்சிக் கணக்கிலயே வாறேல்ல. அம்மாவுக்காக இப்பிடிச் சொல்லுங்கோ: ‘சென்சா கார்னே, சென்சா பேஷே, சென்சா உவோவா, சென்சா ப்ரோதோ தி கார்னே, சென்சா ஸ்ட்ரூத்தோ.’ இறைச்சி, மீன், முட்டை, இறைச்சித் தண்ணி, பன்றிக்கொழுப்பு ஒண்டும் வேண்டாம் எண்டு அர்த்தம். ஃபோன்ல இத்தாலியன் எழுத்தில எழுதி வைச்சுக் காட்டினா இன்னும் நல்லம், வெயிற்றர் அதை அப்பிடியே குசினிக்குக் கொண்டு வந்து காட்டுவார்.

ரெண்டாவது, இதை சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குக் கேட்டா எந்தக் குசினியும் சலிக்கும். புக் பண்ணேக்கையே சொல்லிவிடுங்கோ. முதலே தெரிஞ்சா செஃப் சந்தோசமாச் செய்வார். சிக்கோரியா கீரையை உள்ளியும் மிளகாயும் போட்டு எண்ணெயில வதக்கித் தருவினம், அவரைக்கொட்டையைத் தக்காளியில சமைப்பினம், உருளைக்கிழங்கு அடுப்பில வாட்டுவினம். மெனுவில கொந்தோர்னி எண்டு கடைசியில சின்னனா எழுதியிருக்கும், அங்க தேடுங்கோ. ரெண்டு மூண்டு கொந்தோர்னியும் ஒரு பாஸ்தாவும் எடுத்தா அம்மாவுக்கு வடிவான சாப்பாடு.

மூண்டாவது, மெனுவில சில சாப்பாட்டுப் பேருக்குப் பக்கத்தில நட்சத்திரம் போட்டிருக்கும். உறைய வைச்ச பொருள் பாவிச்சா அதைக் குறிப்பிட வேணும், அதுதான் அந்த நட்சத்திரம். மீனில நட்சத்திரம் இருந்தா பெரிசா யோசிக்கத் தேவையில்லை, மலையூர்தானே. பாஸ்தாவில, சோஸில எல்லாம் நட்சத்திரம் நிரம்பியிருந்தா எழும்பி வெளிக்கிடுங்கோ.

மந்தைவெளி_வித்யா

அண்ணா, இது ரொம்ப உதவி. நட்சத்திர விஷயம் எந்தப் பட்டியல்லயும் பார்க்கல. அப்படியே எழுதி வெச்சுக்கிட்டேன்.

திராட்சைக்கொடி

ஒயினுக்கு நான் வரேன், வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைங்க.

இந்த ஊர் வெள்ளை ஒயின் ஊர். ஓர்வியேத்தோ தோக் (DOC), அதாவது விளையற இடத்துக்கான முத்திரை, 1971-ல் வந்தது. முக்கியமான திராட்சை க்ரெகேத்தோ, ப்ரொகானிகோ. ப்ரொகானிகோன்னா த்ரெபியானோ தொஸ்கானோவுக்கு இந்தப் பக்கம் வழங்கற பேர். ஊரைச் சுத்தி இருக்கிற பழைய பகுதியில விளைஞ்சதுக்கு மட்டும் கிளாசிகோன்னு போடலாம். அதனால பாட்டில்ல ‘ஓர்வியேத்தோ கிளாசிகோ சுபெரியோரே’ன்னு இருக்கிறதைக் கேளுங்க. சூப்பர்மார்க்கெட்ல கிடைக்கிற மெலிசான ஓர்வியேத்தோவைக் குடிச்சுட்டு இந்த ஒயினைக் குறைச்சு எடை போட்டவங்க நிறைய. நல்ல கைல செஞ்சது வேற. பாதாம் மாதிரி ஒரு லேசான கசப்பு கடைசியில நாக்குல நிக்கும், அது க்ரெகேத்தோவோட கையெழுத்து.

ஓர்வியேத்தோ ரொம்ப காலம் இனிப்பு ஒயினாதான் இருந்தது. ஊர் உட்கார்ந்திருக்கிற துஃபா பாறையைக் குடைஞ்ச நிலவறைகள் நூத்துக்கணக்குல இருக்கு. அந்தக் குளிர்ச்சியில புளிக்கிறது பாதியில அடங்கிடும், சர்க்கரை மிஞ்சும். போப்புகளும் ஓவியர்களும் குடிச்சது அந்த ஒயின். துவோமோவுக்குள்ள சான் ப்ரிட்சியோ சிற்றாலயத்துல லூகா சிஞ்ஞோரெல்லி 1499-ல் ஓவியம் ஆரம்பிச்சப்ப அவரோட ஒப்பந்தத்துல பணத்தோட ஒயினும் சேர்த்தி. அந்த ஓவியத்தைப் பார்த்துட்டு வந்து சாயங்காலம் ‘அமாபிலே’ன்னு, அதாவது லேசா இனிக்கிற வகையைக் கேட்டு ஒரு கிளாஸ் குடிக்கச் சொல்லுங்க. உலர் வகையே உசத்தின்னு நினைக்கிறவங்க இதைத் தவற விடறாங்க. சீஸ் தட்டோட இதுதான் பொருத்தம்.

இன்னும் ஒரு படி மேல போகணும்னா முஃபா நோபிலே. கொர்பாரா ஏரிப் பக்கம் எழற பனிமூட்டத்துல திராட்சை மேல ஒரு நல்ல பூஞ்சை பிடிச்சு, பழம் சுருங்கி, சாறு தேனாகும். பர்பெரானி தயாரிக்கிற கல்காயா அந்த வகையில பேர் பெற்றது. சாப்பாடு முடிஞ்சதும் ஒரு சின்ன கிளாஸ், கூட பாதாம் போட்ட தொட்சேத்தி பிஸ்கட்டு. அந்த பிஸ்கட்ல முட்டை இருக்கும், அம்மாவுக்கு வேண்டாம்.

தோட்டங்களுக்குப் போறது கார் இல்லாம கஷ்டம். ஃபிக்குல்லே பக்கத்துல அந்தினோரி குடும்பத்தோட காஸ்தெல்லோ தெல்லா சாலா, ஊருக்குக் கிட்ட தெகுஞ்ஞானோ தேய் பார்பி, பலாட்சோனே. மூணுக்கும் முன்கூட்டியே எழுதிக் கேட்கணும். ஒரு ராத்திரிதான் இருக்கீங்கன்னா தோட்டத்தை விட்டுடுங்க, ஊருக்குள்ளேயே கிளாஸ் கிளாஸா ருசி பாருங்க.

கொங்கு_பயணி

கறிக்கு வெள்ளை ஒயின் போதுமா? அங்க காட்டுப்பன்னி நல்லா இருக்கும்னு கேள்வி.

திராட்சைக்கொடி

காட்டுப்பன்னிக்கு அங்க சிங்கியாலேன்னு பேர். அதுக்கு வேற ஒயின் வேணும். அதே மாநிலத்துல மொன்தெஃபால்கோ சக்ராந்தீனோ இருக்கு, கறுத்த சிவப்பு, துவர்ப்பு தூக்கல். தனியா குடிச்சா முரட்டுத்தனம், காட்டுப்பன்றிக் குழம்போட பிரமாதம்.

பெருஜியா_மாணவன்

கறின்னு வந்ததால ஒண்ணு. புறா. ஓர்வியேத்தோவுக்கு அடியில குடைஞ்ச அறைகள்ல வரிசை வரிசையா சின்னச் சின்ன மாடங்கள் இருக்கும், எல்லாம் புறா வளர்க்க வெட்டினவை. பாறை முகத்துல ஜன்னல் மாதிரி ஓட்டை. புறா வெளியே பறந்து போய் இரை தின்னுட்டு வீட்டுக்குத் திரும்பிடும். எதிரி கீழ முற்றுகை போட்டு உட்கார்ந்தாலும் மேல இருக்கிறவங்களுக்குக் கறி தடையில்லாம கிடைச்சது. ஓர்வியேத்தோ சொத்தெர்ரானேயான்னு வழிகாட்டியோட கூட்டிப் போற நிலத்தடிச் சுற்றுல அந்த மாடங்களைப் பார்க்கலாம். பார்த்துட்டு மேல வந்தா மெனுவுல பிச்சோனே, அதாவது புறாக்கறி இருக்கும். ஊரோட வரலாறு தட்டுல வர்றது இப்படித்தான். சாப்பிடறவங்க ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்க.

ரொட்டி பத்தியும் முன்னாடியே சொல்லிடறேன், இல்லன்னா முதல் கடி கடிச்சதும் முகம் சுளிப்பீங்க. உம்ப்ரியா ரொட்டியில உப்பே இருக்காது. 1540-ல் மூன்றாம் பவுல் போப் உப்பு வரியைக் கூட்டினப்ப பெருஜியா மக்கள் எதிர்த்து உப்பையே விட்டாங்கன்னு ஒரு கதை ஊர்ல சொல்வாங்க. வரியும் சண்டையும் நடந்தது உண்மை, ரொட்டிக் கதை வாய்வழி. உப்புக்கறி, உப்பு சீஸ், காரமான ஆலிவ் எண்ணெய் இதுங்களோட சேர்த்துச் சாப்பிட்டா அந்த ரொட்டியோட நியாயம் புரியும். நீங்க போற நேரம் ஆலிவ் பறிப்பு ஆரம்பிக்கிற பருவம். புது எண்ணெய் வந்திருந்தா ‘ஒலியோ நுவோவோ’ன்னு எழுதி வெச்சிருப்பாங்க. சுட்ட ரொட்டியில பூண்டைத் தேய்ச்சு, அந்தப் பச்சை எண்ணெயை ஊத்தி, உப்பு தூவித் தருவாங்க. தொண்டையில மிளகு மாதிரி உறைக்கும். அம்மாவுக்கு இதைவிடச் சுத்தமான சைவம் அந்த ஊர்ல இல்ல.

சைவப்பயணி

இதை நான் நூறு தடவை வழிமொழியறேன்.

தார்த்தூஃபோ பருவமும் சொல்லிடுங்க, நிறைய பேர் கோடையில போய் ஏமாறறாங்க.

பெருஜியா_மாணவன்

ஆமா. கோடையில கிடைக்கிறது ஸ்கொர்ட்சோனே, வாசனை கம்மி, விலையும் கம்மி. குளிர்காலக் கறுப்பு நேரோ ப்ரெஜாத்தோ டிசம்பரிலிருந்து மார்ச் நடு வரைக்கும், அதுதான் நோர்சா பக்கத்துப் புகழ். அக்டோபர் கடைசியில ரெண்டுக்கும் நடுவுல உஞ்சினாத்தோ வகை, நல்லாவே இருக்கும். வெள்ளை தார்த்தூஃபோவும் அந்தப் பருவம்தான், ஆனா அது கிராம் கணக்குல விலை, கேட்காம ‘சரி’ன்னு தலையாட்டிடாதீங்க. இன்னொண்ணு: கடைகள்ல சின்ன பாட்டில்ல விக்கிற தார்த்தூஃபோ எண்ணெய்ல பெரும்பாலும் செயற்கை வாசனைதான். ஊருக்கு வாங்கிட்டுப் போகாதீங்க. அந்தக் காசுக்கு காஸ்தெல்லூச்சோ பருப்பு வாங்குங்க, அம்மா வீட்ல சாம்பாரே வெப்பாங்க.

கொங்கு_பயணி

சரி, தங்கறதுன்னே வெச்சுக்குவோம். துவோமோ சதுக்கத்தை எல்லாரும் இப்படி ஒதுக்கறீங்களே, அங்க உட்கார்றதுல தப்பில்லைங்க. நான் உட்கார்ந்த ஒரு கடையில லசான்யா நடுவுல ஜில்லுனு இருந்தது, அது உண்மை. ஆனா அந்த முகப்பு மாதிரி ஒண்ணைப் பார்த்துக்கிட்டு உட்கார்ற வாய்ப்பு எத்தனை ஊர்ல கிடைக்கும்? கோயிலே 1290-ல் ஆரம்பிச்சு தலைமுறை தலைமுறையா கட்டினது. மேற்கு பார்த்த முகப்பு, சாயங்கால வெயில் தங்க மொசைக் மேல விழும்போது பார்க்கணும்.

சைவப்பயணி

அண்ணா சொல்றது முழுக்க சரி. அங்க சாப்பிட வேண்டாம், குடிங்க. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாத்தறதுக்கு முன்னாடின்னா ஆறு மணி வாக்குல சூரியன் இறங்கும், மாத்தின பிறகுன்னா அஞ்சு மணி வாக்குல. அதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி சதுக்கத்துல ஒரு மேஜை பிடிச்சு, அவருக்கு ஒரு கிளாஸ் ஓர்வியேத்தோ, உங்களுக்கு ஸ்ப்ரிட்ஸ் காக்டெயில், அம்மாவுக்கு சூடா ஒரு கேமோமைல் டீ, பையனுக்கு ஜெலாத்தோ. கூட ஆலிவும் சிப்ஸும் வரும். வெளிச்சம் போற வரைக்கும் உட்கார்ந்துட்டு, ஏழரைக்கு உள்தெருவுக்குச் சாப்பிடப் போங்க.

மந்தைவெளி_வித்யா

இது ரொம்பப் பிடிச்சிருக்கு. வீட்ல பேசி முடிவு பண்ணியாச்சு, வெள்ளிக்கிழமை தங்கறோம். சனிக்கிழமை மதியம் ஃபுளோரன்ஸ் ரயில். பில்லுல கோபெர்த்தோன்னு தனியா வரும்னு படிச்சேன், அது டிப்ஸா?

பலெர்மோ_தமிழன்

இல்லை அக்கா. அது ஆளுக்கு இவ்வளவு எண்டு போடுற மேசைக் காசு, ரொட்டியும் அதுக்குள்ள. பொதுவா ரெண்டு மூண்டு யூரோ வரும், மெனுவில எழுதியிருக்க வேணும். ரோம் இருக்கிற லாட்சியோவில 2006-ல வந்த மாநிலச் சட்டத்தால கோபெர்த்தோ போடேலாது, அங்க ரொட்டிக்கு எண்டு தனிய எடுப்பினம். உம்ப்ரியாவில போடுவினம். டிப்ஸ் கட்டாயமில்லை. அம்மாவுக்காகக் குசினி மெனக்கெட்டுச் செய்தா கொஞ்சம் வைச்சிட்டு வாங்கோ, இல்லாட்டி எழும்பேக்கை ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ, உள்ளுக்கு இருக்கிற எங்களுக்கு அது வந்து சேரும்.

தண்ணியும் காசுதான். நாதுராலே எண்டா சாதாரணம், ஃப்ரிட்சாந்தே எண்டா காஸ்.

ரயில்_ரசிகன்

வெள்ளிக்கிழமை தங்கறது ரொம்ப நல்ல தேர்வு. வியாழனும் சனியும் காலையில பியாட்சா தெல் பொபொலோவுல சந்தை கூடும். காய், பழம், சீஸ், தேன், வண்டியில வெச்சு வெட்டித் தர்ற போர்கேத்தா, அதாவது மூலிகை அடைச்சு முழுசா சுட்ட பன்றி. தோல் மொறுமொறுன்னு ஒடையும், அதையும் ரொட்டிக்குள்ள வெச்சுத் தரச் சொல்லிக் கேளுங்க. அம்மாவுக்கு ரொட்டி, தக்காளி, திராட்சை, பேரிக்காய். எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு ஃபுனிகொலாரே பக்கத்துல இருக்கிற அல்போர்னோஸ் கோட்டைத் தோட்டத்துக்குப் போயிடுங்க. பெஞ்ச் இருக்கு, கீழ பாலியா பள்ளத்தாக்கு முழுசா தெரியும். பாத்ரீசியோ கிணறும் அதே இடத்துலதான். பையனை 248 படி இறக்கி ஏத்துங்க, பசி தானா வரும். இறங்கறதுக்கு ஒரு படிச்சுருள், ஏறுறதுக்கு வேற சுருள், அடியில இருக்கிற சின்னப் பாலத்தைத் தவிர ரெண்டும் எங்கயும் சந்திக்காது. கழுதைங்க தண்ணி சுமந்து எதிரெதிரா முட்டிக்காம போகணும்னு அப்படிக் கட்டினாங்க. சாப்பிட்டு முடிச்சதும் அப்படியே ரயிலுக்கு இறங்கிடலாம், திரும்ப ஊருக்குள்ள போக வேண்டியதில்ல.

மந்தைவெளி_வித்யா

முடிச்சுட்டேன். லா பலோம்பாவுல வெள்ளி ராத்திரி ஏழரைக்கு நாலு பேர். பலெர்மோ அண்ணன் சொன்ன வரியை அப்படியே மெயில்ல எழுதினேன். உம்ப்ரிகெல்லியில முட்டை இல்ல, சீஸ் இல்லாம தர்றோம்னு பதில் வந்துடுச்சு. நெத்திலி பத்தித் தனியா கேட்டிருக்கேன். சனிக்கிழமை சந்தை, கோட்டைத் தோட்டம். அம்மாகிட்ட ரென்னட் விஷயத்தைச் சொன்னேன், ‘அப்ப எனக்கு அந்த எண்ணெய் ரொட்டியே போதும்’னு சொல்லிட்டாங்க. அவர் அமாபிலே, முஃபா நோபிலே ரெண்டையும் எழுதி வெச்சிருக்கார்.

பலெர்மோ_தமிழன்

நல்லம் அக்கா. நெத்திலிக்குப் பதில் வராட்டி மேசையில இருந்தவுடனேயே முதல் கேள்வியா அதைக் கேளுங்கோ, ஓர்டர் குடுத்தாப் பிறகு கேக்காதேங்கோ. சோஸை முதலே செய்து வைச்சிருந்தா அதுக்குள்ள இருந்து நெத்திலியை எடுக்கேலாது. அப்பிடியெண்டா அம்மாவுக்கு வெறும் எண்ணெயில உம்ப்ரிகெல்லியைப் பிரட்டி, மேல தார்த்தூஃபோவைச் சீவித் தரச் சொல்லுங்கோ. எந்தக் குசினிக்கும் அது ரெண்டு நிமிச வேலை.